விழித்ததும் தூங்கும் பலகை

பச்சை விளக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தது, மூடிக்கொண்டது. விசிறி சுற்றவில்லை. குழாய்களில் வழக்கமாக வரும் உஸ்ஸென்ற சத்தமும் இல்லை. ஜெசிந்தா மின்சாரத்தை நிறுத்தி, பத்து வரை எண்ணி, மறுபடி கொடுத்துப் பார்த்தாள். மறுபடியும் அதே கதைதான்.

"என்னம்மா, ஓடலையா?" என்றார் பின்னால் நின்ற தில்லைநாயகம்.

"ஓடலை சார். முழிச்சுப் பாத்துட்டு உடனே படுத்துக்கிடுது."

சொன்னது என்னவோ சாதாரணமாகத்தான். ஆனால் நிலவின் தரைக்கு மூன்று மீட்டர் அடியில், ஓர் உருளைக்குள் அடைந்து வாழ்கிற மூன்று பேருக்குக் காற்றுச்சுத்தி ஓடவில்லை என்பது சாதாரணச் செய்தி இல்லை. அவர்கள் மூச்சில் வெளியே விடும் கரியமில வாயுவை உறிஞ்சி எடுக்க அங்கே இருந்தது அந்த ஒரு இயந்திரம்தான். அது நின்றால் அவசரத்துக்குச் சுண்ணாம்பு டப்பாக்கள் உண்டு. மூன்று பேருக்கு எட்டு மணி நேரம் தாங்கும். இயந்திரத்தை நிறுத்தியது இந்திய நேரம் காலை பதினொன்றுக்கு. ஆக, மாலை ஏழு மணி வரைக்கும் உயிர் உத்தரவாதம்.

இப்போது மணி ஒன்று முப்பத்தைந்து.

நிறுத்தியதற்குக் காரணம் தூசு. நிலவு மண்ணில் செங்கல் அறுத்துச் சுடும் நிலையம் அது. ஆறு நாளுக்கு முன்னால் கல் அடுக்கு சரிந்து, வெல்டர் மாசிலாமணியின் தொடை எலும்பு முறிந்துபோனது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த அவசரத்தில் உடையைத் துடைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தூசெல்லாம் வடிகட்டியில் போய் அடைத்துக்கொண்டது. மற்ற நேரமாக இருந்தால், பதினான்கு நாள் நீளும் நிலவின் ராத்திரியில், சூளைக்கு வேலை இல்லாதபோதுதான் இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்வார்கள். இந்த முறை அதுவரை பொறுக்க முடியவில்லை.

சுத்தம் செய்யும் வேலை பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டது. அப்போதே சுவிட்சைப் போட்டிருக்கலாம். "புதன்கிழமை, பன்னண்டுலேர்ந்து ஒன்றரை ராகு காலம்மா. டப்பாதான் எட்டு மணி நேரத்துக்கு இருக்கே, அதுக்குள்ள என்ன குடி முழுகிடப் போகுது?" என்றார் நிலையத் தலைவர் தில்லைநாயகம். ஐம்பத்து மூன்று வயது, மயிலாடுதுறைக்காரர், யாரையும் அதட்டிப் பேசாத மனிதர். ஜெசிந்தா வாதாடவில்லை. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் அவள் அப்பாவின் புது வள்ளத்தை ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்த பிறகுதான் கடலில் இறக்கினார்கள். அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு வாய் ஏது?

உள்ளங்கை அளவுள்ள கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு உபரிப் பலகையை மாட்டினாள். அதுவும் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அடங்கிப்போனது.

இதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு விதத்தில் நிம்மதி. பெட்டி பிரிக்காத பலகையும், இரண்டு வருஷம் ஓடிய பலகையும் ஒரே நாளில் ஒரே மாதிரி செத்துப்போகாது. பலகையில் கோளாறு இல்லை. கண் விழித்ததும் முதலில் ஓடுகிற புரோகிராம்தான் எதையோ நினைத்துக்கொண்டு அதை மறுபடி படுக்க வைக்கிறது. அது என்னவென்று கேட்க லேப்டாப்பைச் செருகினாள். சிப் அகப்படவில்லை என்று லேப்டாப் கையை விரித்தது. பத்து முறை முயன்றாள், பத்து முறையும் அதே பதில்.

"வீட்டுக்குள்ள ஆள வெச்சுக்கிட்டு உள்தாப்பாள் போட்ட மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

பலகையைச் செய்தது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி. பூமியோடு பேசினால், பேசி முடித்து மூன்று எண்ணியபின் பதில் வரும். சேவைப் பிரிவில் இருந்த பெண் தேன் போலப் பேசினாள். மின்சாரம் வருகிறதா, கேபிள் இறுக்கமாக இருக்கிறதா, போட்டோ அனுப்ப முடியுமா, வேறு கோணத்தில் இன்னொரு போட்டோ. அவள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒரு கேள்வியைக்கூட விட அவளுக்கு மனம் இல்லை. இப்படியே மணி மூன்றேகால் ஆகிவிட்டது.

அதற்குள் பெங்களூர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆலோசனை வந்தது. நிலையத்துக்கு வெளியே ஒரு தப்பிக்கும் வண்டி எப்போதும் தயாராக நிற்கும். நான்கு மணிக்கு ஏறினால் மேலே சுற்றும் கப்பலைப் பிடித்துவிடலாம். ஆனால் அதில் ஏற அழுத்த உடை போட்டாக வேண்டும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கம்பி வைத்துக் கட்டிய மாசிலாமணியின் காலை அந்த உடைக்குள் நுழைக்க எந்தச் சாமர்த்தியமும் போதாது. "இரண்டு பேர் கிளம்புவது நல்லது" என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது ஆளைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

"இன்னா ஜெசி, மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்குற?" கட்டிலில் மல்லாந்து கிடந்த மாசிலாமணி தலையைத் திருப்பினார். வியாசர்பாடிக்காரர், நாற்பத்திரண்டு வயது, வலியிலும் வாய் ஓயாது. "கெளம்புங்க ரெண்டு பேரும். நீங்க போனா உங்க பங்கு டப்பாவும் எனக்குத்தானே? ஒம்போது மணி நேரம் ராஜா மாரி மூச்சு வுட்டுக்கினு இருப்பேன்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் இன்னா. அப்புறம் அவ்ளோதான்."

"நான் போவ மாட்டேன் அண்ணே. அந்தப் பேச்ச விடுங்க. எனக்கு வேலை கெடக்கு."

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கையில் இரண்டு நல்ல பலகைகளை வைத்துக்கொண்டு, அவை ஏன் தூங்குகின்றன என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மனிதரை விட்டுவிட்டுப் போவது என்ற நினைப்பே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

தில்லைநாயகம் போய் அழுத்த உடையை மாட்டிக்கொண்டு வந்தார். ஜெசிந்தா பலகையிலிருந்து நிமிர்ந்தாள்.

"கிளம்புறீங்களா சார்?"

"வண்டிக்கு இல்லம்மா. வெளியில போய் கல் அடுக்கு மேல உக்காந்துக்கறேன். இந்த உடையில ஆறு மணி நேரக் காத்து இருக்கு. என் பங்கை நீங்க ரெண்டு பேரும் மூச்சு விடுங்க." கண்ணாடிக் கவசத்தை இறக்குமுன் கொஞ்சம் தயங்கினார். "அந்த ஒன்றரை மணி நேரம் என்னாலதான் போச்சு. அதைத் திருப்பித் தர எனக்கு வேற வழி தெரியல."

அவர் போன பிறகு ஜெசிந்தா கணக்குப் போட்டாள். ஏழு மணி என்பது எட்டே முக்கால் ஆகியிருந்தது.

மூன்று நாற்பதுக்கு ரேடியோவில் ஒரு புதுக் குரல் வந்தது. வயதான குரல், மூச்சு வாங்கியது, மாடிப்படி ஏறி ஓடி வந்தவர் போல.

"அம்மிணி, எம் பேரு அவிநாசியப்பனுங்க. அந்த போர்டுக்குள்ள இருக்கற புரோகிராம எழுதுனவன் நானுங்க. இந்த லைன்ல பேசறது பூராவும் பதிவாகும்னு தெரியும். எங்க கம்பெனில பேச வேண்டாம்னுதான் சொன்னாங்க, அது கெடக்குது. எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்க. மேல இப்ப சூரியன் எங்க இருக்குதுங்க?"

"சூரியனா?" ஜெசிந்தாவுக்கு இது பட்டியலில் புதுக் கேள்வியாகப் பட்டது. "காலைல பத்தரைக்கு நேர் உச்சி. அது தாண்டி அஞ்சு மணி நேரம் ஆவுது."

ஒன்று, இரண்டு, மூன்று.

"இன்னிக்கு புதன். அப்ப சரிங்க. போர்டு கெட்டுப் போகலீங்க அம்மிணி. அது காத்துட்டு இருக்குதுங்க."

"எதுக்கு?"

"ராகு காலம் முடியறதுக்குங்க."

ஜெசிந்தா ரேடியோவையே பார்த்தாள். கட்டிலில் மாசிலாமணி சிரிக்க ஆரம்பித்து, தொடை வலித்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். "நெலாவுல இன்னாய்யா ராகு காலம்?"

அவிநாசியப்பன் சொன்ன கதை இதுதான். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் நூற்பாலை மோட்டார்களுக்குப் பலகை செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடும். அதுதான் அதன் பெருமை. ஒரு ஆலை முதலாளி அத்தனை பலகையையும் திருப்பி அனுப்பிவிட்டார். கரண்ட் வந்ததும் இது பாட்டுக்கு ஓட ஆரம்பிக்கிறதே, அது ராகு காலமா எமகண்டமா என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டாராம்.

"எனக்கு அப்ப இருபத்தாறு வயசுங்க. ஒரே வாரத்துல எழுதிக் குடுத்துப்போட்டனுங்க. போர்டு முழிச்சதும் நேரம் பாக்கும். ராகு காலமா இருந்தா அலாரம் வெச்சுட்டுப் படுத்துக்கும். திருப்பூரு, பல்லடம், சோமனூருன்னு எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு. அப்புறம் அதே புரோகிராம எடுத்து பம்புக்கு வெச்சோம், ஆசுபத்திரி மெஷினுக்கு வெச்சோம். பழசு மேல புதுசக் கட்டறதுதானுங்களே எங்க பொழப்பு. அஸ்திவாரத்துல என்ன கெடக்குதுன்னு யாருங்க தோண்டிப் பாக்கறாங்க?"

"ராகு காலம்னா ஒன்றரை மணி நேரம்தானே? நான் போட்டு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சுல்லா!"

"சோம்பேறியா இருந்தா ஒன்றரை மணி நேரம்னு எழுதியிருப்பனுங்க." குரலில் வேதனையும் பழைய பெருமையும் கலந்து வந்தன. "உதயத்துல இருந்து அஸ்தமனம் வரைக்கும் உள்ள பொழுத எட்டாப் பங்கு போட்டா அதுல ஒரு பங்குதானுங்க ராகு காலம். புதன்கிழமைக்கு அஞ்சாவது பங்கு. வெயில் காலத்துல கொஞ்சம் நீளும், மார்கழில சுருங்கும். நான் அதெல்லாம் பாத்து ஒழுங்கா எழுதுனனுங்க. இந்த ஊருக்கு எப்ப உதயம், எப்ப அஸ்தமனம்னு சூரியனப் பாத்துக் கரண்ட் எடுக்கற உங்க கோபுரத்துக் கம்ப்யூட்டரு அதுக்குச் சொல்லுது. அத நம்பி அது கணக்குப் போடுதுங்க."

நிலவில் உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை முந்நூற்றைம்பத்து நான்கு மணி நேரம். ஜெசிந்தா மனதுக்குள் எட்டால் வகுத்தாள். நாற்பத்து நான்கு மணி நேரம். காலை பத்தரைக்குத் தொடங்கிய ராகு காலம் வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத்தான் முடியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் முறை ஓட விட்டதும், பிறகு ஒவ்வொரு முறை நிறுத்தி ஓட்டியதும் நிலவின் ராத்திரியில். ராத்திரிக்கு ராகு காலம் இல்லை.

வெளியே கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தில்லைநாயகத்தின் குரல் ரேடியோவில் வந்தது. "அப்போ நானும் காத்திருந்தேன், அதுவும் காத்திருக்கு. நான் பார்த்தது மாயவரத்துப் பஞ்சாங்கம், அது பார்த்தது இந்த ஊர்ப் பஞ்சாங்கம். அது பக்கம்தான் நியாயம் போலிருக்கு." சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்று குரலே சொன்னது.

"தேதியை மாத்தினா?" என்றாள் ஜெசிந்தா. "வியாழன்னு சொன்னா இது அஞ்சாவது பங்குல நிக்காதுல்லா?"

"தேதி பெங்களூர்ல இருந்து வருதுங்க. மேல யாரும் தொட முடியாது. மாத்தறதுக்கு நாலு பேரு கையெழுத்துப் போடோணும். இன்னிக்கு ஆகாதுங்க."

"கோபுரத்தோட வயரையே புடுங்கிட்டா?"

"உதயம் தெரியலீன்னா தெரியற வரைக்கும் பொறுக்கச் சொல்லி எழுதியிருக்கறனுங்க. நேரம் தெரியாம தொடங்கலாமா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசு ஏத்துதேன். அனுப்புங்க."

"எங்ககிட்ட இருக்கற எல்லாத்துலயும் இது இருக்குதுங்க அம்மிணி. இது இல்லாதது ஒன்னுகூட இல்லீங்க."

அவளுக்கு வந்த கோபத்துக்கு, அந்த மனிதர் எதிரில் இருந்திருந்தால் லேப்டாப்பைத் தூக்கி அடித்திருப்பாள். மூச்சை இழுத்து விட்டாள். இழுத்த மூச்சு முழுசாக உள்ளே போகாதது போல ஒரு புழுக்கம் தொடங்கியிருந்தது.

"சரி. வழி என்ன, அதச் சொல்லுங்க."

"முழிச்சதும் அது மொதல்ல கதவச் சாத்திப்போடும். லேப்டாப்பு உள்ள வர்ற வழிதானுங்க அது. சாத்திட்டுத்தான் பஞ்சாங்கம் பாக்கும். கண்ண மூடித் தொறக்கறதுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்கூட உங்களுக்குக் கெடைக்காது. அதனாலதான் லேப்டாப்புல அகப்படலை. ஆனா சிப்புல ஏழாவது கால் ரீசெட்டுங்க. அத கிரவுண்டோட, அதாவது எர்த்தோட, சேத்துப் புடிச்சுட்டே இருந்தா, சிப்பு முழிக்கவும் முழிக்காது, தூங்கவும் தூங்காது. அப்படியே புடிச்சிருக்கறப்ப லேப்டாப்ப உள்ள உடுங்க. கை கோத்துக்கிட்டதும் கால உட்டுருங்க. மொத வரியிலயே நின்னுக்கும். அப்புறம் நீங்க சொன்னாத்தான் அடுத்த அடி வைக்கும். நூத்தி நாப்பத்தி ரெண்டாவது வரி வந்ததும் தாண்டிக் குதிக்கச் சொல்லுங்க."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஏழாவது காலைக் கண்ணால் பார்க்கவே வழி இல்லை. நிலவுத் தூசு புகாமல் இருக்கப் பலகை முழுக்கப் பிசின் ஊற்றியிருந்தார்கள். அது இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அதைச் சுரண்டி, முடியைவிடக் கொஞ்சம் பருமனான ஒரு காலை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். இரண்டு கால் தள்ளி மின்சாரம் வரும் கால். கத்தி அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகம் போனால் பலகை காலி.

முதலில் உபரிப் பலகையை எடுத்தாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, சூடேற்றிய சின்னக் கத்தியால் துகள் துகளாகச் சுரண்டினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. தலை பாரமாக இருந்தது. புருவத்துக்கு மேல் யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல ஒரு வலி. ஏழாவது காலின் பளபளப்பு தெரிந்த நேரத்தில் கை நடுங்கியது. கத்தி வழுக்கியது. மெல்லிய ஒரு செம்புக் கோடு அறுந்து சுருண்டது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த பலகையை எடுத்தாள்.

"ஜெசி, இங்க குடு அத்த" என்றார் மாசிலாமணி.

"அண்ணே, இது வெல்டிங் இல்ல."

"தெரியும்மா. இருவது வருசமா காய்ச்சின கம்பிய வெச்சிக்கினு மூச்ச நிறுத்தி நிறுத்தி வேல பாத்தவன் நானு. ராக்கெட்டு டாங்கில தையல் போட்ட கை இது. என் கையப் பாரு." கையை நீட்டினார். அது சுவரில் அடித்த ஆணி போல அசையாமல் நின்றது. "உன் கையப் பாரு."

அவள் தன் கையைப் பார்க்கத் தேவையே இல்லை.

கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, அவர் மார்பின் மேல் ஒரு தட்டை வைத்து, அதில் பலகையை இறுக்கினாள். பூதக்கண்ணாடியை அவர் கண்ணில் மாட்டிவிட்டாள். எந்தக் கால், எந்தப் பக்கம், எங்கே தொடக்கூடாது என்று சொன்னாள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இத்த கெடுத்துட்டா வேற இருக்குதா?"

"இல்லண்ணே."

"சரி. பேச்சுக் குடுக்காத."

ஓயாத வாய்க்காரர் அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் வாயே திறக்கவில்லை. கத்தியை ஒருமுறை இழுப்பார், மூச்சை விடுவார், மறுபடி மூச்சை நிறுத்தி இழுப்பார். ஜெசிந்தா லேப்டாப்பில் வேண்டியதைத் தயார் செய்துவிட்டு, சுண்ணாம்பு டப்பாக்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முதல் வரிசையின் சூடு ஆறிப்போயிருந்தது. அதன் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். வெளியிலிருந்து தில்லைநாயகம் அரை மணிக்கு ஒருமுறை, "நான் நல்லா இருக்கேன், நீங்க பாருங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தோ" என்றார் மாசிலாமணி கடைசியில். ஏழாவது கால் தனியாக, சுத்தமாக, வெள்ளி போல மின்னியது. பக்கத்துக் கால்களின் மேல் பிசின் கொஞ்சமும் கலையவில்லை.

ஜெசிந்தா ஓர் ஊசியில் கம்பியைச் சுற்றி, மறுமுனையைக் கிரவுண்டில் பற்றவைத்து, ஊசியை அவர் விரல்களுக்கிடையில் கொடுத்தாள். "இத அந்தக் கால் மேல வைங்க. நான் விடச் சொல்லுத வரைக்கும் எடுக்கக்கூடாது. விடச் சொன்னா அந்த நிமிஷமே எடுத்துரணும்."

"என் உசுர என் கையிலயே குடுக்குற. சரி, வெச்சிட்டேன்."

மின்சாரம் கொடுத்தாள். பச்சை விளக்கு கண்ணைத் திறக்கவில்லை. அது திறக்காததைப் பார்த்து இத்தனை சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை. லேப்டாப்பைத் தட்டினாள். அகப்படவில்லை. மறுபடி தட்டினாள். அகப்படவில்லை. கேபிளை எடுத்து ஊதி, துடைத்து, செருகித் தட்டினாள். திரையில் ஒரு வரி வந்தது. சிப் தன் பெயரைச் சொன்னது.

"விடுங்க!"

ஊசி எழுந்தது. பலகை தூங்கவில்லை. முதல் வரியில் வந்து, அடுத்து என்ன என்று கேட்பது போல நின்றது.

"நிக்குது சார்! மொத வரியில நிக்குது!" என்று அவள் ரேடியோவில் கத்தினாள். கோயம்புத்தூரிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. ஒவ்வொரு வரியாக நடத்திக்கொண்டு போனாள். கதவைச் சாத்தச் சொன்ன வரியை முதலில் தாண்ட வைத்தாள். நூற்று நாற்பத்திரண்டுக்கு வந்தபோது விரலை நிறுத்தி அதைப் பார்த்தாள். பார்க்க ஒன்றுமே இல்லாத வரி. இரண்டு எண்களை ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். அதைத் தாண்டிப் போகச் சொல்லிவிட்டு, ஓட விட்டாள்.

விசிறி முதலில் ஒரு முனகல் முனகியது. பிறகு சுற்றத் தொடங்கியது. குழாய்களில் உஸ்ஸென்று சத்தம் வந்தது. மாசிலாமணி பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடிக்குள் அவர் கண்ணீர் பெரிசு பெரிசாகத் தெரிந்தது.

மணி ஆறே முக்கால்.

தில்லைநாயகம் உள்ளே வந்து கவசத்தைக் கழற்றியதும் நேராக மாசிலாமணியிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தில் தடித்த எழுத்தில் "யாரும் தொடக்கூடாது" என்று எழுதி, சுவிட்சின் மேல் ஒட்டினார். நிறுத்தினால் மறுபடி முழுக் கூத்தும் முதலிலிருந்து. அறிக்கையின் முதல் வரியில், ஒன்றரை மணி நேரம் தன் சொந்த முடிவால் வீணானது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை.

ரேடியோவில் அவிநாசியப்பன் இன்னும் இருந்தார்.

"அம்மிணி, உள்ள போயிட்டீங்கல்ல. அங்க கடைசியில ஒரு பக்கம் இருக்கும் பாருங்க. காத்திருந்த ஒவ்வொரு தடவையும் தேதியும் நேரமும் எழுதிக்கும். ஆலைக்காரங்களுக்குக் காட்டறதுக்குன்னு வெச்சது. அதுல என்னங்க இருக்குது?"

அவள் திறந்து பார்த்தாள். "இன்னைக்கு உள்ளதுதான். அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல."

"நல்லதுங்க" என்றார். பெருமூச்சு கேட்டது.

ஜெசிந்தாவுக்குப் புழுக்கம் விலகி மண்டை தெளிந்துகொண்டிருந்தது. தெளியத் தெளிய ஒரு கேள்வி முளைத்தது. "சார், கீழ இத்தனை வருஷமா இது ஒருத்தருக்கும் தெரியாமலா இருந்துச்சு?"

"நம்மாளுங்க யாருங்க அந்த நேரத்துல சுவிட்சப் போடறாங்க? கரண்ட் போய் வந்து ஓடலீன்னா, மெஷினு சூடாயிருக்குதும்பாங்க. கொஞ்ச நேரத்துல தானா ஓடிரும். அப்புறம் யாரு தேடறாங்க?"

"நீங்க தேடிப் பாத்திருக்கீங்களா? அந்தப் பக்கத்த, வேற எந்த மெஷின்லயாவது?"

ஒன்று, இரண்டு, மூன்று. அவள் இருபது வரை எண்ணிவிட்டாள்.

"ஒன்னுல பாத்தனுங்க. பதினோரு வருசம் ஆச்சு. வீட்டுல வெச்சு ஆக்சிஜன் குடுக்கற மெஷினு. செவ்வாய்க்கிழமை மூணு இருவதுக்குக் கரண்ட் வந்துதுங்க. மெஷினு நாலரைக்குத்தான் ஓடுச்சு."

"பதினோரு வருஷமாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்ங்க."

"யார்ட்டயும் சொல்லலையா?"

"சொல்லலீங்க."

திட்டுவதற்கு அவளுக்கு வாய் நிறைய வார்த்தை இருந்தது. கட்டிலில் மாசிலாமணி ஏறி இறங்கும் மார்போடு தூங்கிப்போயிருந்தார். அவரைப் பார்த்தாள். இந்த நேரத்தில் எங்கெங்கே எத்தனை கட்டில்களின் பக்கத்தில் அந்தப் பலகை உட்கார்ந்திருக்கிறதோ என்று நினைத்ததும் திட்டுவதற்குக்கூட நேரம் இல்லை என்று பட்டது.

"மொத்தம் எத்தனை?"

"மேல அறுபத்தொன்னுங்க. கீழ ஆசுபத்திரி, வீடுன்னு மூச்சு சம்பந்தப்பட்டது மட்டும் இருபத்தோராயிரத்துச் சொச்சம்."

"லிஸ்ட் இருக்கா?"

"கையில வெச்சிருக்கறனுங்க. எடுத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்போ இந்த லைன்லயே படிங்க. எல்லாம் பதிவாவட்டும், உங்க கம்பெனியும் கேக்கட்டும். ஊரு, நம்பரு, ஆள் பேரு. ஒண்ணு விடாம படிங்க. நான் எழுதிக்கிடுதேன்." ஜெசிந்தா நோட்டைத் திறந்து கோடு போட்டாள்.

காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது.

"ஒன்னாவது. பீளமேடு. போர்டு நம்பரு நாலாயிரத்து எழுநூத்திப் பதினாறு. ஆளு பேரு, மரகதம் அவிநாசியப்பன்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இது மட்டும் மாத்த வேண்டியதில்லீங்க அம்மிணி" என்றார். "அடுத்தது சொல்றேன், எழுதிக்குங்க."